மண்வெட்டி வச்ச மூடி

அவன் பல்லால கம்பி உரிப்பான். முதல்ல அதைச் சொல்லிடுறேன், ஏன்னா அவன்மேல எனக்கு வந்த முதல் அருவருப்பு அதுதான். ஸ்பீக்கர் கம்பியோட நுனியை வாய்க்குள்ள விட்டு, முன்பல்லுல கவ்விக்கிட்டு, தலையை ஒரு வெட்டு வெட்டுவான். பிளாஸ்டிக் தோல் வாய்ல நிக்கும், செம்பு பளபளன்னு வெளிய நீட்டிக்கிட்டு வரும். அந்தத் தோலைத் தரையில துப்புவான், யார் வீட்டுத் தரைன்னெல்லாம் பார்க்க மாட்டான். உரிச்சு உரிச்சு ஒரு முன்பல்லுல கம்பி கனத்துக்குப் பள்ளமே விழுந்திருந்துச்சு. இத்தனைக்கும் தோல் உரிக்கிற கொறடு கடையில மூணு கிடந்துச்சு. "கொறடு செம்பையும் சேர்த்து வெட்டிடும்க்கா. எங்க நிறுத்தணும்னு பல்லுக்குத்தான் தெரியும்"னு சொல்வான். சீ, இதெல்லாம் ஒரு பேச்சா?

நாங்க வேலை பார்த்தது பாட்டுக் கேட்கிற சாமான் விக்கிற கடை. ஆம்பிளிஃபயர், ஸ்பீக்கர், ரெண்டையும் சேர்க்கிற கம்பி, கம்பி நுனியில மாட்டுற பின்னு, எல்லாம் இருக்கும். நான் முன்னால நின்னு விக்கிறவ, பதினோரு வருஷமா. அவன் வீடு வீடாப் போய் மாட்டிக் குடுக்கிறவன். என்னைவிட ஆறேழு வயசு சின்னவன், அதனால 'அக்கா'ன்னு கூப்பிடுவான். மரியாதைன்னு அவன்கிட்ட இருந்தது அது ஒண்ணுதான். வியர்வை நாத்தம், முழங்கால்ல ஒட்டுப் போட்ட பேண்ட். எந்த வீட்டுக்குள்ள போனாலும் ஒரு வணக்கம் கிடையாது, ஒரு சிரிப்பு கிடையாது. நேரா போய் தரையில குந்திக்கிட்டு, சுவரோட அடிப்பக்கத்தையே ஒரு சுத்து பார்த்துட்டு வருவான். வீட்டுக்காரங்க ஆசை ஆசையா வாங்கின ஸ்பீக்கரை ஏறெடுத்தும் பார்க்க மாட்டான். "உங்க ஆளு என்னம்மா, எங்க வீட்டுல எலி தேடுறானா?"ன்னு ஒரு அம்மா போன்ல என்னைக் கேட்டாங்க. தலையில அடிச்சுக்கிட்டேன்.

கம்பி நுனியில எதை மாட்டுறதுங்கிறதுலதான் கடையில எல்லாச் சண்டையும் வரும். ஒண்ணுமே மாட்டாம வெறும் செம்பை முறுக்கிச் சொருகலாம். ஆனா ஒரு இழை பிரிஞ்சு பக்கத்துக் கம்பியைத் தொட்டுச்சுன்னா ஆம்பிளிஃபயர் காலி. ஸ்பேட்னு ஒண்ணு இருக்கு, கவட்டை மாதிரி ரெண்டு கால் உள்ள தகடு. ஸ்பீக்கர் பின்னால உள்ள திருகைத் தளர்த்தி, கவட்டையை உள்ள விட்டு, திருகை இறுக்கணும். இறுக்கிட்டா யானை இழுத்தாலும் வராது. மூணாவது பனானா பின். விரல் நீளம்கூட இருக்காது, நடுவுல கொஞ்சம் உப்பலா ஸ்பிரிங் மாதிரி அமுங்கும். திருகல் கிருகல் எதுவும் வேண்டாம், ஓட்டையில குத்தினா நின்னுக்கும். பாட்டுக்கு மூணும் ஒண்ணுதான். கண்ணைக் கட்டிவிட்டா எந்தக் கொம்பனாலயும் வித்தியாசம் சொல்ல முடியாது. ஆனா வாங்க வர்றவங்க இருக்காங்களே! தங்க முலாம் போட்ட பின்னைக் கையில வச்சு உருட்டி உருட்டிப் பார்த்துட்டு, "பாட்டுல ஒரு வெதுவெதுப்பு வரும் இல்ல?"ன்னு கேட்பாங்க. எனக்குக் குமட்டிக்கிட்டு வரும். "கண்டிப்பா வரும் சார்"னு பல்லைக் காட்டுவேன். அதுக்குத்தானே சம்பளம்.

அந்த வருஷம் முதலாளி பனானா பின்னைப் பெட்டி பெட்டியா இறக்கினார். அடியிலிருந்து நுனி வரைக்கும் உலோகம், மேல ஒரு பிளாஸ்டிக் உறைகூடக் கிடையாது, அப்படியே தகதகன்னு மின்னும். இனிமே யார் கம்பி வாங்கினாலும் இதைத்தான் தலையில கட்டணும்னுட்டார். எனக்கு ஒரு வசனமும் சொல்லிக் குடுத்தார்: "குத்தினா போகும், இழுத்தா வரும், குழந்தைகூட மாட்டிடும்." நான் அதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொன்னேன். நல்லாவே சொன்னேன், சும்மா சொல்லக்கூடாது.

அவன் மட்டும் மாட்ட மாட்டேன்னுட்டான்.

"ஏன்டா, உனக்கு என்ன கேடு?"ன்னு முதலாளி கேட்டார்.

"சுவர்ல போகுது சார்."

"எது?"

"இந்தப் பின்னு. கரண்டு பிளக் பாயிண்ட்ல ரெண்டு உருண்டை ஓட்டை இருக்கு பாருங்க, அதுல அப்படியே போகுது. எல்லா வீட்டுலயும் அந்தப் பாயிண்ட் ஸ்பீக்கருக்குப் பின்னால, தரையோட தரையா இருக்கு. ஸ்பேட் அதுக்குள்ள போகாது. நான் ஸ்பேட்தான் மாட்டுவேன்."

"ஸ்பீக்கர் கம்பியைப் பிடுங்கிக் கொண்டுபோய் எவன்டா கரண்டுல குத்துவான்? எல்லாரும் உன்னை மாதிரி கிறுக்கனா?"

கடையே சிரிச்சுச்சு. எல்லாரையும்விட சத்தமா சிரிச்சது நான்தான். ஸ்பேட்னா என்ன அர்த்தம்னு அகராதியில தேடி, அவனுக்கு 'மண்வெட்டி'ன்னு பேர் வச்சதும் நான்தான். ஒரே வாரத்துல பேர் ஒட்டிக்கிச்சு. வாசல்ல வண்டி நிறுத்துறவன்வரைக்கும் "மண்வெட்டி அண்ணே"ன்னுதான் கூப்பிட்டான். அவனும் கூப்பிட்டா திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.

அதுக்கு முந்தின வருஷமே எங்க வீட்டுக்கு ஸ்பீக்கர் மாட்ட வந்திருக்கான். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டுறவர். நாள் பூரா ஹாரன் சத்தத்துலயே கிடக்கிறவருக்கு வீட்டுக்கு வந்தா நல்ல பாட்டு வேணும். அப்போ எங்க பாப்பாவுக்கு ஒரு வயசு. கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழிச்சு, இனி இல்லைன்னு எல்லாரும் கைவிட்டப்புறம் பிறந்தவ. மண்வெட்டி வந்தான், குந்தினான், சுவரைப் பார்த்தான், கம்பியைக் கடிச்சுத் துப்பினான், ஸ்பேட் மாட்டினான். போகும்போது பையிலேர்ந்து ஒரு தகர டப்பாவை எடுத்து, அதுலேர்ந்து ரெண்டு காலுள்ள ஒரு வெள்ளை பிளாஸ்டிக் மூடியை எடுத்து, ஸ்பீக்கருக்குப் பின்னால இருந்த பிளக் பாயிண்ட்ல வச்சுக் கட்டைவிரலால அழுத்தினான்.

"இது எதுக்கு?"ன்னு கேட்டேன்.

"பாப்பா தவழுதே அக்கா."

"தவழ்ந்தா? கரண்டு ஓட்டையில என்னத்தைக் குத்தப் போறா? இப்படி யாராவது செத்துட்டாங்களா என்ன?"ன்னு சிரிச்சேன்.

அவன் டப்பாவை மூடிக்கிட்டே, "சாகணுமா அக்கா?"ன்னு கேட்டுட்டுப் போயிட்டான். திமிரைப் பாருன்னு என் வீட்டுக்காரர்கிட்ட சொன்னேன். தரையில அவன் துப்பின தோலை விளக்குமாத்தால தள்ளினேன், கையால தொடல.

பனானா விஷயத்துல முதலாளி கடைசியா அவனைக் கூப்பிட்டுச் சொல்லிட்டார்: "இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும், அன்னைக்கே நீ வெளிய." அது வெறும் மிரட்டல் இல்ல. வீட்டுக்குள்ள போய் வேலை செய்யிற ஆளு, பேர் கெட்டு வெளிய போனா வேற எந்தக் கடையும் சேர்க்காது. அவனுக்கு ஒரு பொண்டாட்டி, ஸ்கூல்ல படிக்கிற ரெண்டு பொண்ணுங்க. வேற தொழில் எதுவும் தெரியாது. அவனுக்கும் இது தெரியும், எனக்கும் தெரியும்.

புகார் பல் டாக்டர்கிட்டேர்ந்து வந்துச்சு. அவர் தங்க பனானா ஒரு செட்டு, எட்டு பின்னு, ஆசையா வாங்கிட்டுப் போயிருந்தார். மண்வெட்டி போய் வழக்கம்போல ஸ்பேட்டை மாட்டிட்டு, அந்த எட்டையும் பொட்டலத்தோட கொண்டுவந்து என் மேஜை டிராயர்ல வச்சான். "இதை எடுத்துக்கிட்டு டாக்டருக்குக் காசைத் திருப்பிக் குடுத்துடுங்க அக்கா"ன்னான். அன்னைக்கு சாயங்காலம் நான் அதை என் கைப்பையில போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போனேன்.

ஏன் எடுத்தேன்னு கேட்டா இன்னைக்கும் சரியா பதில் வராது. நாள் பூரா அதைப் புகழ்ந்து புகழ்ந்து எனக்கே ஆசை வந்துடுச்சு. டாக்டர் எங்க கவனிக்கப் போறாருன்னு ஒரு நினைப்பு. என் வீட்டுக்காரர் முகம் மலரும்னு இன்னொரு நினைப்பு. தூ, திருட்டுக்கு என்னத்த காரணம்! அவரும் மலர்ந்தார். அன்னைக்கே உட்கார்ந்து ஸ்பேட்டையெல்லாம் வெட்டிப் போட்டுட்டு எட்டு பின்னையும் மாட்டினார். "ஏய், பாட்டே வேற மாதிரி கேக்குதுடி!"ன்னார். நானும் ஆமான்னேன்.

மூணு நாள் கழிச்சு டாக்டர் கடைக்கே வந்துட்டார். "உங்க ஆளு என் வீட்டுக் கம்பளத்துல எச்சில் துப்புறான். பல்லைப் பார்த்தீங்களா அவனுக்கு? சகிக்கல! போகட்டும், நான் வாங்கின தங்கப் பின்னு எங்க?"

முதலாளி மண்வெட்டியைக் கூப்பிட்டார். "அக்காகிட்ட குடுத்தேன் சார்"னான் அவன்.

எல்லாரும் என்னைப் பார்த்தாங்க. துவைச்சு இஸ்திரி போட்ட புடவை, பின்னின தலை, பதினோரு வருஷம். நான், "எனக்குத் தெரியாதே"ன்னேன்.

ரெண்டே வார்த்தை. நாக்கு குழறக்கூட இல்ல. யாரும் என்னை ரெண்டாவது தடவை கேட்கல, அவனைத்தான் கேட்டாங்க. பையைத் தலைகீழாக் கொட்டச் சொன்னாங்க. கொட்டினான். ஸ்குரூடிரைவர், டேப்பு, வெள்ளை மூடிங்க இருந்த தகர டப்பா, எல்லாம் தரையில உருண்டுச்சு. அவன் ஒவ்வொண்ணாப் பொறுக்கிப் பையில போட்டுக்கிட்டான். சத்தம் போடல, சத்தியம் பண்ணல. அழுதானான்னு கேட்டா அதுவும் இல்ல. வாசல்கிட்ட போனவன் திரும்பி என் மேஜைக்கு வந்து, எனக்கு மட்டும் கேக்குற மாதிரி, "வீட்டுல அந்த மூடியை மட்டும் எடுத்துடாதீங்க அக்கா"ன்னான்.

எனக்கு உச்சி வரைக்கும் எரிஞ்சுச்சு. என்ன கொழுப்பு இவனுக்கு, மாட்டிவிட்டதுக்குக் குத்திக் காட்டுறானேன்னு நினைச்சேன். வீட்டுக்குப் போன கையோட, அந்த மூடியைப் பிடுங்கி எறியணும்னு ஸ்பீக்கருக்குப் பின்னால குனிஞ்சேன். பிடிக்க ஒரு விளிம்புகூட இல்லாம சுவரோட சுவரா அழுத்தியிருந்தான். நெம்பி நெம்பிப் பார்த்ததுல என் நகம்தான் உடைஞ்சுச்சு. பாழாப் போனவன்னு திட்டிட்டு விட்டுட்டேன்.

அவன் இடத்துக்கு முதலாளியோட மச்சான் வந்தார். அவர் எதையும் கேட்க மாட்டார், குடுத்ததை மாட்டிட்டு வருவார். ஆறு வாரத்துல முப்பத்தியொரு வீட்டுல பனானா பின் ஏறிடுச்சு. கேரண்டி அட்டையில விலாசம் எழுதுறது என் வேலை.

ஒரு ஞாயித்துக்கிழமை மத்தியானம். நான் துணி மடிச்சுக்கிட்டிருந்தேன், வீட்டுக்காரர் குளிச்சுக்கிட்டிருந்தார். பாட்டு ஓடிக்கிட்டிருந்துச்சு. திடீர்னு ஒரு பக்க ஸ்பீக்கர் நின்னு போச்சு. கெட்டுப்போச்சோன்னு நினைச்சு மடிப்பை விட்டு எழுந்திருக்கல. அப்புறம் அந்தச் சத்தம் கேட்டுச்சு. டொக். டொக். டொக். பிளாஸ்டிக்ல ஏதோ இடிக்கிற சத்தம்.

எட்டிப் பார்த்தேன். ஸ்பீக்கருக்கும் சுவருக்கும் நடுவுல பாப்பா முதுகைக் காட்டிக்கிட்டு குந்தியிருந்தா. ஸ்பீக்கர்லேர்ந்து ஒரு பின்னை இழுத்திருந்தா. இழுத்தா வரும்னு நான்தானே ஊருக்கெல்லாம் சொன்னேன், வந்துடுச்சு. அந்தத் தங்கப் பின்னை வெறும் கையால பிடிச்சுக்கிட்டு, சுவர்ல இருந்த வெள்ளை மூடி மேல குத்திக்கிட்டிருந்தா. உள்ள போகலைன்னு கோபம் அவளுக்கு. நாக்கை வெளிய நீட்டிக்கிட்டு, பலம் கொண்ட மட்டும் குத்துறா.

எப்படித் தாவினேன்னு தெரியல. அவளைத் தூக்கினதும் அவ அலறினா, பின்னைக் குடுன்னு. வீட்டுக்காரர் துண்டோட ஓடிவந்தார். விஷயத்தைச் சொன்னதும் நம்பல, "சும்மா இரு, அதெல்லாம் போகாது"ன்னார். மெயினை அணைச்சுட்டு வந்து, சமையல்கட்டுல இருந்த பாயிண்ட்ல நானே அந்தப் பின்னை வச்சுப் பார்த்தேன். அளவெடுத்துச் செஞ்ச மாதிரி உள்ள போய் நின்னுச்சு. இழுத்தா லேசா வந்துச்சு. மறுபடி குத்தினேன், மறுபடி போச்சு. நான் அங்கேயே தரையில உட்கார்ந்து வாந்தி எடுத்தேன்.

திங்கட்கிழமை முதலாளிகிட்ட போய் எல்லாத்தையும் கொட்டினேன். பின்னைத் திருடினது நான், பொய் சொன்னது நான், அவன் சொன்னது நிஜம், பாப்பா பொழைச்சது அவன் வச்ச மூடியால. கேட்டுக்கிட்டே இருந்தார். அப்புறம் சிரிச்சார்.

"அதான் ஒண்ணும் ஆகலையே! அந்தக் கிறுக்கன் போனதே நல்லதுக்குத்தான்மா. நீ எடுத்தா என்ன, அவன் எடுத்தா என்ன? உன்னை மாதிரி விக்கிறதுக்கு ஆளா கிடைக்குது எனக்கு? போ, ஆள் நிக்குது பாரு, போய்ப் பேசு."

திருடின்னு ஒரு வார்த்தை திட்டியிருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும். அந்தச் சிரிப்பைப் பார்க்கப் பார்க்க உடம்பெல்லாம் புழு நெளிஞ்சுச்சு. எனக்குச் சம்பளம் குடுக்குற மூஞ்சி இது, இதுகூடத்தான் பதினோரு வருஷம் சேர்ந்து சிரிச்சிருக்கேன். டிராயர்ல இருந்த கேரண்டி அட்டை முப்பத்தியொண்ணையும் எடுத்துக்கிட்டு வெளிய வந்தேன். அதுக்கப்புறம் அந்தப் படி ஏறல.

மண்வெட்டி வீடு ஒரே ஒரு அறை. கதவைத் திறந்தது அவன் பொண்டாட்டி. என்னைப் பார்த்ததும், "ஓ, நீங்கதானா அந்த அக்கா"ன்னா. உட்காருன்னு சொல்லல. அவன் உள்ள சட்டையில்லாம இருந்தான், தோள் ரெண்டும் தோல் உரிஞ்சு செக்கச்செவேல்னு இருந்துச்சு. ஆறு வாரமா கிடங்குல மூட்டை தூக்குறானாம்.

"பின்னை நான்தான் எடுத்தேன்"னேன்.

"தெரியும்க்கா."

"எப்படித் தெரியும்?"

"உங்ககிட்டதானே குடுத்தேன்?"

அப்புறம் அவனே கேட்டான், "பாப்பா நல்லா இருக்காளா? மூடி நிக்குதா?"

நிக்குதுன்னேன். நடந்ததைச் சொன்னேன். கேரண்டி அட்டையைக் காட்டி, இத்தனை வீட்டுல மூடி இல்லைன்னேன். அவன் உடனே கட்டிலுக்கு அடியில கையை விட்டு அந்த டப்பாவைத் தேட ஆரம்பிச்சுட்டான். அவன் பொண்டாட்டிக்கு வந்துச்சே கோபம்!

"நில்லுங்க. நல்லா இருக்கே நியாயம்! ஸ்கூல்ல என் பொண்ணுங்களைத் திருடன் பொண்ணுன்னு கூப்பிடுறாங்க. இவங்க வந்து மூடி கேட்டா நீங்க எழுந்து ஓடுவீங்களா? முதல்ல அந்த டாக்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. யார் எடுத்தான்னு இவங்க வாயால சொல்லட்டும். அப்புறம் ஊரைக் காப்பாத்தலாம்."

அவ சொன்னதுல ஒரு தப்பும் இல்ல. மறுநாள் காலையில அந்த மூடி டப்பாவைக் கையில வச்சுக்கிட்டு, அவனோட நானும் டாக்டர் வீட்டு வாசல்ல போய் நின்னேன்.

டாக்டர் கதவைத் திறந்தார், அவனைப் பார்த்ததும் முகத்தைச் சுளிச்சார். "பல்லால கடிக்கிறவன்தானே நீ? இங்க எதுக்கு வந்தே?"

"டாக்டர், உங்க பின்னை எடுத்தது இவர் இல்ல, நான். இவர் என்கிட்ட குடுத்தார், நான் வீட்டுக்குக் கொண்டு போயிட்டேன். இந்தாங்க, எட்டும் இருக்கு."

டாக்டர் என்னை மேலேர்ந்து கீழ வரைக்கும் பார்த்தார். "நீயாம்மா? உன்னைப் பார்த்தா அப்படித் தெரியலையே! ஏதாவது கைமறதியா இருக்கும், விடு"ன்னார். கைமறதியாம்! அவன் பண்ணினா திருட்டு, நான் பண்ணினா கைமறதி.

"மறதி இல்ல, திருட்டுதான்"னேன்.

அதைக் காதுலயே வாங்கல. பொட்டலத்தைப் பிரிச்சு, ஒவ்வொரு பின்னா வெளிச்சத்துல பிடிச்சுப் பார்த்தார். ஒண்ணை மூக்குக்கிட்ட கொண்டுபோனார். "நுனியில வெள்ளையா என்னமோ ஒட்டியிருக்கே?"

மூடியோட பிளாஸ்டிக். பாப்பா குத்தின குத்துல ஒட்டிக்கிட்டது. சொன்னேன். ஒண்ணுவிடாம சொன்னேன், சமையல்கட்டு பாயிண்ட்ல வச்சுப் பார்த்தது வரைக்கும். சொல்லும்போதே உள்ளேர்ந்து ஒரு சின்னப் பையன் ஓடிவந்து டாக்டரோட காலைக் கட்டிக்கிட்டு என்னைப் பார்த்தான். மூணு வயசு இருக்கும்.

டாக்டர் சிரிச்சார். "ஏம்மா, இப்படி யாராவது செத்துட்டாங்களா என்ன?"

என்னோட கேள்வி. என்னோட சிரிப்பும் அதேதான், இவ்வளவு அசிங்கமா இருக்கும்னு அன்னைக்கு எனக்குத் தெரியல.

"சாகணுமா டாக்டர்?"னு கேட்டேன்.

அவர் கைக்குட்டையை எடுத்து அந்த வெள்ளையைத் துடைச்சுக்கிட்டிருந்தார். மண்வெட்டி யார்கிட்டயும் ஒரு வார்த்தை கேட்காம செருப்பைக் கழட்டிட்டு உள்ள போயிட்டான். ஸ்பீக்கருக்குப் பின்னால குந்தி சுவரோட அடிப்பக்கத்தைப் பார்த்துட்டு, என் பக்கம் கையை நீட்டினான். நான் டப்பாவைத் திறந்து ஒரு மூடியை எடுத்துக் குடுத்தேன்.